அரைப்புள்ளிகள்

சம்பூரிலிருந்து மூன்று நாள் பஸ் ஏறி வந்து
நேசமலர் அக்கா சொல்லச் சொல்ல நான் அடித்த
பத்தொன்பது பக்கச் சத்தியக்கடதாசியின் மேல்
றுஸ்லானின் கடிதத்தைச் சேமித்துவிட்டேன்.

வராத தண்ணீருக்கு வந்த பில்லைப் பற்றி
நீர்வழங்கல் சபைக்கு ஒரு பக்கம்.
அதிலும் பாதி வெள்ளை.

முகவரி, திகதி, 'ஐயா' எல்லாம்
இன்னொருமுறை அடிக்கப் பஞ்சிப்பட்டு
அவளுடைய பைலையே திறந்தது நான்.
கீழே இருந்ததையெல்லாம் நீலமாக்கி
ஒற்றை விசையில் துடைத்தது நான்.
பிறகு கண்ட்ரோலும் எஸ்ஸும்.
மூக்கைச் சொறிவது போல
விரல் தானாகப் போகும்.
மூடினேன். றுஸ்லான் நூறு ரூபாத் தாளை நீட்டி
மிச்சம் கேட்டுச் சண்டை பிடித்தான்.
எதிரே நீதிமன்றம். திருமலை வெயில்.
கடை வாசலில் ஒரு மான்
யாரோ எறிந்த ரோல்ஸ் பேப்பரைத்
தின்றுகொண்டு நின்றது.

பின்னேரம்தான் தெரிந்தது.
நாளை இரண்டு மணிக்கு அவள் வருவாள்.

"போனது போனதுதான், திரும்ப அடி"
என்றார் யோகேஸ் அண்ணை, ஷட்டரைப் பாதி இறக்கியபடி.
எதைப் பார்த்து அடிக்க?
அவள் வாயைப் பார்த்தல்லவா அடித்தேன்.

இரவு எட்டரைக்கு
ஒளித்து வைத்திருந்த கோப்புறைகளைக் கிளறினேன்.
பெயருக்கு முன்னால் ஓர் அலைக்குறி போட்டுக்கொண்டு
என்னென்னவோ ஒதுங்கிக் கிடந்தன.
வெறுமை. வெறுமை.
யாருடையதோ கல்யாணக் காட்டில் பாதி, மாப்பிள்ளை இல்லாமல்.
பிறகு ஒன்று:
திங்கட்கிழமை, மூன்று பன்னிரண்டு.
கரண்ட் போன நேரம்.
மின்சார சபையை நான்
தலைமுறை தலைமுறையாகத் திட்டிய அதே நிமிடத்தை
இயந்திரம் எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தது.

திறந்தால் தமிழ் இல்லை.
பாமினி கழன்று ஆங்கில எழுத்துகள் பல்லிளித்தன.
மெய்யின் தலையில் இருந்த புள்ளியெல்லாம் இறங்கி
அரைப்புள்ளியாய்க் குந்தியிருந்தன.
எழுத்துருவை மாற்றுமுன்னரே
வெறும் மேசையில் விரல்கள் தட்டிப் பார்த்தன:
கிணறு.
பலா இரண்டு. முருங்கை ஒன்று.
ஷெல் விழுந்த குழி, அதில் நிற்கும் தண்ணீர்.
பன்னிரண்டாம் பக்கம் பாதியில் நின்றது.
கடைசி வரி:
"வடக்கெல்லை, தம்பி நேசராசாவின் வேலி.
அதை மாரிக்கு மாரி ஒரு முழம்
அவன் பக்கம் தள்ளி நட்டது நாங்கள்தான்."

புதன்கிழமை இதைத்தான்
வாசலை ஒருக்கால் பார்த்துவிட்டு
"எடுத்துவிடு பிள்ளை" என்றாள்.
எடுத்தேன்.
பிறகு அடித்ததெல்லாம் போய்விட்டது.
எடுத்தது பிழைத்து வந்திருக்கிறது.

இரண்டு மணிக்கு வந்தாள். ஒளிக்காமல் சொன்னேன்.
கத்தவில்லை. பையிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு
மிச்சத்தை மறுபடி சொன்னாள்.
இந்தமுறை ஐந்து பக்கம்தான் வந்தது.
ஆடு, மாடு, தையல் மெஷின் எல்லாம்
முன்னையைவிடக் குறைவு.

பிறின்ற் எடுக்குமுன்
திரையில் விரல் வைத்தாள்.
"இது..."
"ஓம் அக்கா. அழிச்சதுதான். திரும்ப வந்திட்டுது."

பிறின்றர் சூடாகும் சத்தம்.

"ரெண்டு விதமாயும் ஒவ்வொண்டு எடு."

இரண்டையும் ஒரே கவரில் போட்டுக்கொண்டு
வீதியைக் கடந்தாள்.
சமாதான நீதவானிடம் எதை நீட்டினாளோ,
எனக்குத் தெரியாது.

வேறு வேறு பெயர் கொடுத்து
இரண்டையும் சேமித்திருக்கிறேன்.
றுஸ்லானின் கடிதம் மட்டும்
இன்னும் அவளுடைய பெயரில் கிடக்கிறது.
தண்ணீர் வந்ததா என்று
அவனைக் கேட்க வேண்டும்.