ஒப்பம்: வீ. கோணாமலை

கட்டுரையை நீக்கிவிட்டார்கள்.
நான்கே வரிதான் இருந்தது அதில்:
கதிராசி. கருக்காய்மடுக்குளம்.
ஒட்டுசுட்டானுக்கு மேற்கே.
மழை அளந்தவர்.
ஒவ்வொரு வரியின் வாலிலும்
நீல எழுத்தில் ஒரு கொக்கி:
சான்று தேவை.

கேட்டவர் கெட்டவரல்ல.
எங்கோ பனி கொட்டும் ஊரில்
இரவு வேலை முடித்துவந்து
எங்கள் சந்திப்பிழைகளைத் திருத்துகிறவர்.
'நம்பகமான மூலம் ஒன்று போதும்' என்று
மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்.
மூலம் இருந்த றங்குப்பெட்டி
விசுவமடுவரை வந்தது.
அதற்கப்பால்
புஸ்பராணி அக்காவின் கைகளில்
பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடமிருந்தது.

லீவு போட்டு
மாங்குளத்தில் பஸ் ஏறி
வவுனியாக் கச்சேரியின் பின்னறைக்குப் போனேன்.
மாதம் ஒரு தாளாய்
குளத்தடியிலிருந்து தபாலில் போன மழைக்கணக்கு
கறையான் தின்றதுபோக மீதி கிடந்தது.
எல்லாத் தாளின் அடியிலும்
ஒப்பம்: வீ. கோணாமலை.

1964 ஒக்ரோபர்வரை அந்த ஒப்பம்
வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிறது.
நவம்பரில் நிமிர்ந்து நிற்கிறது.
'லை'யின் பழைய தும்பிக்கை
ஒரு சுற்றுக் கூடுதலாய்ச் சுருள்கிறது.

பக்கத்துக் கட்டடத்தில் மரணப்பதிவு:
வீரகத்தி கோணாமலை, வயது 41,
பாம்புக்கடி,
1964 ஒக்ரோபர் 29.

செத்தவர் பதினொரு வருடம்
மழை அளந்திருக்கிறார்.
புயல் அடித்த அந்த டிசம்பரில்
முறிந்த மருதுகளைத் தாண்டி அணைக்கட்டில் ஏறி
காலை எட்டரைக்கு உருளைக்குள் எட்டிப்பார்த்து
7.86 அங்குலம் என்று எழுதியிருக்கிறார்.
மாதம் ஏழு ரூபா ஐம்பது சதம்,
மணியோடர் அவர் பேருக்கு.
அவரைச் சாகவிட்டிருந்தால்
அடுப்பில் உலை இல்லை.

ஒரு தாளின் ஓரத்தில், பென்சிலில்:
பிள்ளைக்குக் காய்ச்சல். மழை இல்லை.

அடியை நனைத்தும்
முதல் கோட்டைத் தொடாத தூறலுக்குப்
பூச்சியம் போடக்கூடாது,
வெறுமையாய் விடவும் கூடாது.
திணைக்களத்தின் விதி.
'சுவடு' என்று எழுதவேண்டும்.
பதினொரு வருடத்தில்
இருநூற்றுப் பதினாறு சுவடு.
எண்ணினேன். வேறென்ன செய்ய,
பஸ் நாலரைக்கு.

எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பினேன்.
பதில் வந்தது:
கையெழுத்தை ஒப்பிட்டது நீங்கள்.
முடிவுக்கு வந்ததும் நீங்கள்.
சொந்த ஆய்வை இங்கே ஏற்பதில்லை.
அதிலும் ஞாயம் இருந்தது,
அதுதான் நித்திரையைக் கெடுத்தது.

குளத்துக்கு ஒரு பக்கம் உண்டு.
கொள்ளளவு, துருசு, திருத்திய எந்திரி,
திறந்துவைத்த மந்திரி,
அவர் வெட்டிய நாடாவின் நிறம்கூட.

புஸ்பராணி அக்காவுக்குப் போன் எடுத்தேன்.
அம்மான்ர முதலெழுத்து என்னக்கா?
'கோ தானே பிள்ளை.'
அது அப்பான்ர. அவவின்ர தகப்பன்ர?
மறுமுனையில் கொஞ்சநேரம்
கோழி கேறுகிற சத்தம் மட்டும்.
'சின்னக்குட்டியர்... ஓம்.
சி.
ஒருத்தரும் கேட்டதில்லை.'

அன்றிரவு குளத்தின் பக்கத்தில்
மழைவீழ்ச்சி என்ற உபதலைப்பின் கீழ்
இரண்டு வசனம் சேர்த்தேன்.
1964 நவம்பர் முதல் 1975 வரையான அளவுகள்
வீ. கோணாமலையின் ஒப்பத்துடன் உள்ளன.
வீ. கோணாமலை 1964 ஒக்ரோபரில் இறந்தார்.
ஆளுக்கொரு அடிக்குறிப்பு.
அளந்தது யாரென்று
நான் சொல்லவில்லை.

பதின்மூன்று நாள்
எவரும் தொடவில்லை.
பதினான்காம் இரவு
தகரத்தில் தூறல் விழத் தொடங்கியபோது
உரையாடல் பக்கத்தில்
பனி ஊர்க்காரரின் ஒற்றை வரி:
அப்படியானால் அளந்தது யார்?

கறண்ட் ஒருதரம் கண்வெட்டி நின்றது.
விசைப்பலகையில்
'சி'யைத் தேடினேன்.