ஏற்றியவர் பெயர்

கடலூர் துறைமுக அலுவலகத்தில் எனக்கு
இருபத்தாறு வருஷம்.
முதலில் தந்தி, அப்புறம் ஃபேக்ஸ், இப்போது போன்.
வானிலைக்காரர்கள் எண் சொல்வார்கள்.
நான் நோட்டில் எழுதுவேன்:
தேதி, நேரம், எந்த எண் கூண்டு, ஏற்றியவர் பெயர்.
ஏற்றியவர் கட்டத்தில்
எப்போதும் தேசிங்கு.

ஒன்று என்றால் எங்கோ தூரத்தில்.
மூன்று என்றால் படகை மேலே இழு.
பத்து என்றால் சாமியைக் கும்பிடு.
தாழங்குடாவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும்
இந்தக் கணக்கு தெரியும்.

எனக்கு வந்ததற்கு
ஒன்றாம் எண்கூட யாரும் ஏற்றவில்லை.

தை மாசம் பால் கார்டில்
சிவப்பு வட்டம் போடும் இடம் காலி.
மாசியும் காலி. பங்குனியில் ஒரு நாள் தூறல்.
ஆவணியில், முதுநகர் ரேஷன் கடை வரிசையில்
மொத்தமாக ஒரே கொட்டு.
வெளிர்பச்சைப் புடவை.
கைப்பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு
வீடுவரை நடந்தேன், அணிவகுப்பில் போகிறவள் மாதிரி நிமிர்ந்து.
அதுதான் கடைசி.
கடைசி என்று அன்றைக்குத் தெரியாது.
தெரிந்திருந்தால் ஒரு டீயாவது குடித்திருப்பேன்.

ராத்திரி மூன்று மணிக்குக்
கழுத்துக்குக் கீழே யாரோ அடுப்பைப் பற்றவைக்கிறார்கள்.
ஜாக்கெட் நனைகிறது, தலையணை நனைகிறது.
"ஃபேனைக் குறை, குளிருது" என்கிறார் அவர்,
போர்வைக்குள்ளிருந்து.
ஒரே கட்டிலில் இரண்டு பருவம்.

மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரி டாக்டர்
தலை நிமிராமல் "வயசு" என்றார்,
மருந்தின் பெயர் சொல்வதுபோல.
காலை ஒன்று, இரவு ஒன்று
என்று சேர்க்காததுதான் பாக்கி.

பெரிய நாத்தனார் கொளஞ்சி
விருத்தாசலத்திலிருந்து பேசினாள்:
"விட்டுதுடி சனியன். இனிமே நீ சுத்தம்.
நெனச்ச நாளு கோயிலுக்குப் போவலாம்."
சரி என்று வைத்துவிட்டேன்.
குக்கர் தேய்க்கும்போதுதான் பதில் வந்தது:
இதற்கு முன்னால்
நான் எப்போது அழுக்காக இருந்தேன்?

கார்த்திகை.
விடியக்காலை அஞ்சேகாலுக்குப் போன்.
ஐந்தாம் எண்.
முழித்துத்தான் இருந்தேன்.
எரிந்துகொண்டிருந்தேன் என்பது சரி.
தேசிங்கு மகள் வளைகாப்புக்கு நெய்வேலியில்.
அதிகாரி சென்னையில்.
"நீ எழுதினா போதும்மா, பொம்பளைக்கு அந்தக் கயிறு ஆவாது,
அதுவும் சில நாள்ல கம்பத்துப் பக்கமே வரக் கூடாது"
என்பார்கள் அங்கே.
எந்த நாளில் தொட்டிருந்தாலும் அறுந்திருக்காது அந்தக் கயிறு.
இதைச் சொல்ல இருபத்தாறு வருஷம் லேட்.

கயிறு ஈரம். கப்பியில் துரு.
கை வழுக்கியது.
பழக்கத்தில் இன்னும் கைப்பையில் கிடந்த நாப்கினைப் பிரித்து
உள்ளங்கையில் சுற்றினேன்.
முப்பத்தெட்டு வருஷம்
செய்தித்தாளில் சுற்றி ஒளித்துச் சுமந்தது,
வெட்டவெளியில் பிடிமானம் ஆனது.
ஒன்றுதான் இருந்தது. இடது கை உரிந்தது.

இழுக்க இழுக்க உள்ளே பற்றியது.
முதுகில், காது மடலில், மூக்கு நுனியில் தீ.
அப்போது வந்தது காற்று.
வங்காள விரிகுடா முழுக்க ஒரு ஈரத்துணியாகி
என் பிடரியில் ஒற்றியது.
ஐம்பத்திரண்டு வருஷத்தில் என் சூட்டுக்கு
யாரும் இப்படி ஊதியதில்லை.
சிரித்துவிட்டேன், சத்தமாக.
படுத்திருந்த நாய் எழுந்து வேறு இடம் போனது.

கூண்டு உச்சியில் நின்று ஆடியது.
முகத்துவாரத்தில் ஒரு ஃபைபர் படகு
தயங்கியது, மூக்கைத் திருப்பியது,
கரைக்கு வந்தது.
அதில் யார் என்று எனக்குத் தெரியாது.
ஏற்றியது யார் என்று அவர்களுக்கும்.

நோட்டைத் திறந்தேன்.
நேரம் ஆறு ஐந்து. எண் ஐந்து.
ஏற்றியவர்:
பேனா கொஞ்சம் யோசித்தது.
பழக்கத்தில் "தே" போட்டுவிட்டு, அடித்தேன்.
அஞ்சலாட்சி.
அடித்தல் திருத்தலுக்குக் கையெழுத்து வேண்டும்,
அதையும் நானே போட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது.
ஜன்னலைச் சாத்தவில்லை.