கொதிக்கக் கூடாது

மூன்றாம் நாளும் வாடை.
திருக்கடலூரில் ஒரு படகும் இறங்கவில்லை.
பட்டறையில் பிரித்துப் போட்ட எஞ்சின் நான்கு,
எப்போது தருவாய் என்று கேட்க ஒருவரும் வரவில்லை.
அவற்றுக்கு நடுவே
கோட்டைப் பக்கமிருந்து வந்து ஒதுங்கிய மான் ஒன்று
நனைந்த சாக்குப்போல் நிற்கிறது.
ஏழு மணிக்குக் கரண்டும் போனது.

இருபத்திரண்டு பாகை என்றது ரேடியோ.
கனடாவில் இருக்கிற தம்பி கேட்டால் சிரிப்பான்.
சிரிக்கட்டும்.
ஈரச் சாரத்தோடு ஏறி
கூரைத் தகரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்தவனின்
நகக்கண்ணைக் கேட்கவேண்டும்,
இருபத்திரண்டு என்றால் என்னவென்று.

இரண்டு போத்தல் கறுத்த பியர் இருந்தது.
உப்புவெளி விடுதிக்காரன்
கார்பரேட்டர் கழுவிய கூலிக்குத் தந்தது.
சீசன் முடிந்து வெள்ளைக்காரர் போய்விட்டார்கள்,
திகதி முடியப் பதினொரு நாள், எடுத்துக்கொண்டு போ என்றான்.
சூடாக்கிக் குடித்தால் நெஞ்சுச் சளி இளகும் என்று
துறைமுகத்தில் எவனோ ஒரு கப்பல்காரன் சொன்ன ஞாபகம்.
பால் சட்டியில் ஊற்றினேன்.
அடுப்பை முழுதாகத் திறந்தேன்.

பொங்கியது.
தைக்கு இன்னும் ஒரு மாதம் கிடக்க
அப்படியொரு பொங்கல்.
நுரை வழிந்து நெருப்பை அணைத்து
அடுப்பு மேசை, சுவர், என் கால்.

டோர்ச்சோடு வந்தாள் பிலோமினா.
போத்தல் வாசத்துக்கே சேலைத் தலைப்பால் மூக்கை மூடுகிறவள்.
வசவுக்குக் காதைத் தயாராக்கினேன்.
"தள்ளுங்கோ" என்றாள், அவ்வளவுதான்.

மற்றப் போத்தலை உடைத்து
சட்டி ஓரமாய்ச் சரித்து ஊற்றினாள்.
"இது கொஞ்சம் மூச்சு விடட்டும்."
வேறு சட்டியில் அரைக் கோப்பைத் தண்ணீர்,
ஒரு குட்டான் பனங்கட்டியில் பாதி,
தோலோடு தட்டிய இஞ்சி,
விரல் நீளக் கறுவா.
கராம்பு ஐந்து எடுத்து
ஒன்றைத் திரும்பப் போத்தலில் போட்டாள்.
தோடம்பழத் தோலை வெள்ளை படாமல் சீவினாள்.
பாகு விரலில் ஒட்டும் பதத்தில்தான்
பியரைச் சேர்த்தாள், தணலை எறும்பளவு குறைத்து.
"ஆவி வரலாம். கொதிக்கக் கூடாது.
கொதிச்சால் கைக்கும்."

வீடு நத்தார் கேக்போல் மணத்தது.

இது எங்கே பழகினாய் என்றேன்.
கரண்டியை நிறுத்தாமல் சொன்னாள்:
"மலை வீடு. பெய்ரூத்தில இருந்து ரெண்டு மணித்தியாலம்.
பனி கதவின்ர அரைவாசிக்கு நிக்கும்.
விருந்துக்கு வாறவைக்கு வைன்.
ஒரு ஜேர்மன்காரிக்கு மட்டும் பியர்.
கொதிக்க விட்டால் மேடம் வெளியில ஊத்திப்போட்டு
சம்பளத்தில கழிப்பா."

நீயும் குடித்தாயா?

"சட்டியடியில மிஞ்சினதை.
பிறகு கராம்பைக் கடிச்சுக்கொண்டு
கிளாஸ் கழுவுவன். கை இருக்கோ இல்லையோ எண்டு தெரியாது.
ஒண்டு உடைஞ்சு விரலை வெட்டினதும்
ரத்தத்தைக் கண்டபிறகுதான் தெரியும்."

பதினொரு வருசம் அவளோடு.
லெபனான் என்றால் நான் அறிந்தது
இந்தக் கூரைத் தகரம்,
பட்டறைக் கொம்பிரசர்,
மாமியின் கண் ஒப்பரேசன்.
சின்னவிரல் தழும்பை
மீன் வெட்டிய காயம் என்று
நானாகவே எப்போதோ முடிவுசெய்திருந்தேன்.

இரண்டு எவர்சில்வர் டம்ளர்.
ஒன்று நிறைய. மற்றது பாதி.
நிறைந்ததற்குக் கை நீட்டினேன்.
"உங்கட பங்கை அடுப்புக் குடிச்சிட்டுது."

முதலில் இனிப்பு. பிறகு இஞ்சி.
கடைசியாக, தொண்டைக்குக் கீழே எங்கேயோ,
கறுத்த பியரின் மெல்லிய கசப்பு.
பேசவில்லை நாங்கள்.
தகரத்தில் மழை பேசியது போதும்.

தோடம்பழத் தோலின் மிச்சத்தை
அவள் பட்டறைப் பக்கம் எறிந்தாள்.
மான் முகர்ந்து, தும்மி,
பிறகு தின்றது.

நாளைக்கும் இப்படியே அடித்தால் என்றேன்.
"போத்தல் எங்க இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன்.
உப்புவெளிக்காரனின் ஜெனரேட்டரிலும்
அன்றைக்கு ஏதோ ஒரு சத்தம் கேட்டதுதான்.