முப்பத்தேழாம் பாட்டு

தாளில் குறையில்லை, ஹிந்த்ரெக் சாரெபூ.
தேவாலயக் கணக்கேடுகளின் கடைசியில்
எழுதாமல் விட்ட பக்கங்கள்.
எத்தனை வருஷம், எத்தனை ஊர்,
எத்தனை பாதிரிமாரோடு தேநீர் குடித்துச்
சேர்த்தீர்களோ.
மையும் சுத்தம்:
மாசிக்காய், இரும்புத் துரு, கொஞ்சம் பிசின்.
புழு அரித்த துளைகூட
முன்பக்கமும் பின்பக்கமும் பொருந்திப் போகிறது.
புழுவுக்கு என்ன கூலி கொடுத்தீர்கள்?

தார்த்து நகரமே தொப்பியைக் கழற்றியது.
நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால்
தேனீ வளர்த்த ஒரு துறவி,
சகோதரர் லாம்பெர்ட்,
லத்தீனில் ஜெபித்து முடித்துவிட்டு
நம் உழவர் பேச்சில் நாற்பத்தொரு பாட்டு எழுதிச்
சுவர்ப் பொந்தில் ஒளித்தாராம்.
பேராசிரியர் துல்ப் மேடையில் குரல் உடைந்தார்:
"எஜமானர்கள் நம்மை ஊமை என்றார்கள்.
பாருங்கள், நமக்கும் ஒரு முப்பாட்டன் பேசியிருக்கிறான்."
நான் மூன்றாம் வரிசையில்.
உள்ளங்கை சிவக்கத் தட்டினேன்.

பிறகு பட்டியல் போடும் வேலை என் மேசைக்கு வந்தது.
முப்பத்தேழாம் பாட்டு. நோன்பு நாள். பட்டினி.

      சாம்பலைக் கிளறினேன், தோல் வெடித்தது;
      மண்ணுக்கடியில் ஒளிந்திருந்த வெண்பனி
      என் விரலில் மாவாய் உதிர்ந்தது.
      ஆண்டவரே, உப்பை மட்டும் மன்னியும்.

டர்னிப் என்றார் துல்ப்.
டர்னிப் என்று அச்சிலும் ஏறிவிட்டது.
அவர் வீட்டில் எந்தக் குளிர்காலத்திலும் வெண்ணெய் இருந்தது.
எங்கள் வீட்டில், போரின் கடைசிக் குளிரில்,
ஒரே கிழங்கை நான்கு பேர்
முறைவைத்து முகர்ந்தோம்.
டர்னிப் வெடிக்காது, ஹிந்த்ரெக்.
நீர் விட்டுச் சுருங்கும்.
மாவாய் உதிர்வது ஒன்றே ஒன்று.
அது கடல் தாண்டி இங்கே வந்துசேர
உங்கள் துறவி இன்னும் இருநூறு வருஷத்துக்கு மேல்
உயிரோடு காத்திருக்க வேண்டும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களை
இந்த வேலையில் நிறையப் பார்த்துவிட்டேன்.
சோறே இல்லாமல்
ஒரு உருளைக்கிழங்கை மறைக்கப் பார்த்தவர்
நீங்கள் ஒருவர்தான்.

உறைந்த ஆற்றோரம் உங்கள் வீட்டுக்கு நடந்தபோது
காரணங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன்.
பணமா? நூலகம் தந்தது
ஒரு கம்பளிக் கோட்டுக்குக் காணும்,
பொத்தானுக்குக் காணாது.
புகழா? முன்னுரையில் "கண்டெடுத்தவர்" என்று உங்கள் பெயர்,
அதுவும் எழுத்துப் பிழையோடு.
மொழிப்பற்றா? இருக்கலாம்.
ஆனால் மொழிப்பற்று இவ்வளவு நல்ல வரி எழுதி
நான் பார்த்ததில்லை.

கதவைத் திறந்தீர்கள். விரல் நுனியில் கறுப்பு.
அந்த நான்கு வரியை மட்டும் சொன்னேன்.
மறுக்கவில்லை. உட்காரச் சொல்லவுமில்லை.
"துல்ப் என் கவிதைகளைப் பதினோரு தடவை
திருப்பி அனுப்பினார்" என்றீர்கள்.
காரணம் போலத்தான் இருந்தது.
கொஞ்ச நேரம் கழித்து,
"இல்லை. அதற்கு முன்பே லாம்பெர்ட் வந்துவிட்டார்."
இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, அணைந்த அடுப்பைப் பார்த்தபடி,
"அன்றைக்குப் பசித்தது. யாருக்கென்று தெரியவில்லை."

காட்டிக் கொடுப்பேனா என்று கேட்பீர்கள்,
அதற்கு ஒரு பதிலை வழியெல்லாம் தயார் செய்திருந்தேன்.
நீங்கள் கேட்டது:
"அந்த உப்பு... நல்ல வரியா?"

நல்ல வரி என்றேன்.

நாற்காலியை நகர்த்திப் போட்டீர்கள் எனக்கு.
மேல்துண்டால் ஒருமுறை துடைத்தும் விட்டீர்கள்.
லாம்பெர்ட்டை ஊரே படித்தது.
உங்களுக்கு வாசகர் என்று
பனி ஒட்டிய செருப்போடு அன்று வந்தவள் ஒருத்தி.

உங்களைப் புதைத்து ஆறு வருஷம்.
லாம்பெர்ட் பெயரில் ஒரு தெரு இருக்கிறது,
அதில் ஒரு ரொட்டிக் கடை.
பட்டியல் அட்டையில், முப்பத்தேழு என்ற எண்ணுக்கு எதிரே,
"டர்னிப்" என்று நானும் எழுதினேன்.
ஏன் என்று கேட்டால் எனக்கும்
மூன்று பதில் இருக்கிறது, மூன்றும் போதாது.
தாள் புதியது. மை கடையில் வாங்கியது.
கையெழுத்து என்னுடையதுதான்.