மாஹுல் ரோடு, முதல் ஷிப்ட்

எசென்ஸ் கம்பெனியில் மூக்குக்குத்தான் சம்பளம்.
சுவருக்கு அப்பால் ரிஃபைனரி,
ஹைட்ரஜனைத் தவிர யாரையும் தொடாத வீட்டார்.
இங்கே அமிலமும் ஆல்கஹாலும்
ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து
தண்ணீரை வெளியே தள்ளினால் எஸ்டர்:
பழமே நுழையாத கட்டடத்தில்
பீப்பாய் பீப்பாயாக வாழைப்பழம்.

செம்பூரில் ரயிலேறினால்
கார்பன் மீது பொறாமை. நாலு கை அதற்கு.
எனக்கு இரண்டு; ஒன்றில் டிபன்.

ட்ராம்பே பொம்பில் கூடையோடு சுனந்தாபாய்.
அமீன் குடும்பம். முகங்கள் ஜன்னலுக்குத் திரும்பின.
டிபனில் மிஞ்சிய எலுமிச்சை மூடியைக் கொடுத்தேன்,
விரல்களில் தேய்த்துக்கொண்டாள்.
அமிலம் பட்ட அமீன் உப்பாகி அடங்கும்.
"உனக்கு?" என்றாள், என் கையை முகர்ந்து.

எனக்கு எதுவும் கிடையாது.
வடாலாவில், யார் வீட்டிலோ
வாழைப்பழம் உரித்தால்கூட
என் பெண்
கதவைப் பார்க்கிறாளாம்.