சுத்தம் செய்யும்

அதிகாலை மூன்று பதினேழுக்கு
ஐந்தாம் கணுவில் வட்டு தொண்ணூற்றொரு சதவீதம் நிரம்பியது.
ஏஜென்ட் விழித்திருந்தது, அதற்கு வேறு நிலை கிடையாது.
அதன் முன்னே நாங்கள் பரப்பிவைத்த பதினான்கு கருவிகள்,
ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு வரிச் சீட்டு.
ஒன்பதாவது சீட்டு நான் எழுதியது:
"பழைய இண்டெக்ஸ்களைச் சுத்தம் செய்யும்."

செய்தது.

தார்த்து நகரத் தொலைந்த பொருள் அலுவலகத்தில்
பிப்ரவரி முழுக்கத் தொலைந்தவை
இரண்டாம் முறை தொலைந்தன.
இடக்கைக் கையுறைகள் முந்நூற்றுச் சொச்சம்,
ஒரு செல்லோ வில்,
எட்டாம் எண் பேருந்தில் யாரோ கழற்றி வைத்துவிட்டு இறங்கிய பல்செட்டு.
எல்லாம் அலமாரியில்தான் இருந்தன.
தேடினால் மட்டும் இல்லை.

எட்டரைக்கு கவுன்டரிலிருந்து மேலிகே கூப்பிட்டாள்.
"ஒருவர் நிற்கிறார். பழுப்புத் தொப்பி என்று தட்டினேன்,
பூஜ்யம் என்கிறது.
தொப்பி என் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.
நான் எதைச் சொல்ல?"

டோனிஸ் பதிவேட்டைத் திறந்தான்.
எடுத்த முடிவையெல்லாம் அது ஒளிக்காமல் எழுதிவைத்திருந்தது:
இடம் போதவில்லை.
பழையது என்பதை முந்தைய மாதம் எனக் கொள்கிறேன்.
சுத்தம் என்பது நல்ல சொல், தீங்கு இராது.

அந்த மூன்றாம் வரியைக்
காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் சொல்லை என்னைவிட நம்பியிருக்கிறது.

ஸ்னாப்ஷாட் ஒன்று இருந்தது.
பிற்பகலுக்குள் மாதம் திரும்பிவந்தது,
கடைசி இரண்டு நாள் வரவில்லை.
அந்த நாற்பத்தொரு பொருளுக்கும் மேலிகே கட்டியிருந்த
அட்டைகளை அவள் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன்.
"கறுப்புக் கையுறை. இடது. கம்பளி.
ஆறாம் எண் பேருந்து, பின்னிருக்கைக்குக் கீழே.
உலர்த்தியாயிற்று. கட்டைவிரலில் ஓட்டை, முன்பே இருந்தது."

முன்பே இருந்தது.
அந்தக் கையுறையைப் பார்த்தேயிராத ஒருவருக்காக
அவள் அதை எழுதியிருக்கிறாள்.

மாலை வீட்டுக்குப் பட்டாணித் தெரு வழியாக நடந்தேன்.
பட்டாணித் தெருவில் பட்டாணி இல்லை,
அதற்காக யாரும் வழி தவறியதும் இல்லை;
இங்கே நடப்பவர்கள் எல்லாம் இங்கே இருப்பவர்கள்.
ஏஜென்ட்டோ ஒவ்வொரு முறையும்
இப்போதுதான் ரயிலிலிருந்து இறங்குகிறது,
கையில் என் சீட்டு மட்டும்.

சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதினேன்.
அழிக்கும்.
முதல் சொல்லே அதுவா என்றான் டோனிஸ் போனில்.
அதுதான்.
முழுப் பெயர் சொன்ன ஒரே ஒரு இண்டெக்ஸை அழிக்கும்,
நட்சத்திரக் குறி ஏற்காது.
போனது திரும்பாது.
வட்டு நிரம்பியதற்காக இதை எடுக்காதே,
அதற்கு நான்காவது இருக்கிறது:
துண்டுகளை வேறு கணுவுக்கு நகர்த்தும்,
நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.
மஞ்சள் என்றால் ஒரு பிரதிக்கு இருக்க இடமில்லை,
வீடு எரியவில்லை.
நேற்று யாராவது இதில் எழுதியிருந்தால் நில்.
ஆளைக் கேள்.

எங்கள் எஸ்தோனியத்தில் எதிர்காலத்துக்கு வினைவடிவம் இல்லை.
அழிக்கிறது, அழிக்கப்போகிறது,
இரண்டுக்கும் ஒரே சொல்.
ஆகவே அடியில் தனியாகச் சேர்த்தேன்:
கூப்பிட்ட கணமே.

வியாழன் இரவு வட்டு மறுபடி நிரம்பியது.
காலையில் பார்த்தால் துண்டுகள் இரண்டாம் கணுவில்,
நாற்பது நிமிட வேலை.
கீழே எனக்கு ஒரு குறிப்பு:

"ஒன்பதாவதை எடுக்கவில்லை, சீட்டைப் படித்தேன்.
பதினோராவது சீட்டில்
'தேவைப்பட்டால் சரிசெய்யும்' என்றிருக்கிறது.
எதை?"

எமாயோகி ஆற்றில் பனிக்கட்டி உடைந்துகொண்டிருந்தது.
பதினோராவதை எழுதியதும் நான்தான்.
எதை என்று
எனக்கும் நினைவில்லை.