பொருந்தாத வரி

ஜூலை. ஐந்தரைக்கே இருட்டிவிட்டது
புன்டா அரினாஸில்.
மூன்றாம் மாடியில் யாஸ்னா மிகோவிலோவிச்
ஒரு கலங்கரை விளக்கத்தின்
முப்பத்தோரு வருஷத்துக் காற்றைத்
திரையில் விரித்து வைத்திருக்கிறாள்.

நாளுக்கு ஒரு வரி.
தேதி, வானம், காற்று, அலை,
பிறகு பதிவாளருக்கு எழுதத் தோன்றியதெல்லாம்.
அவளுக்கு வேண்டியது
காற்றுக்கு அடுத்த எண் மட்டும்.
மீனில் முள்ளை மட்டும் எடுத்துக்கொண்டு
சதையைத் தட்டிலேயே விட்டுவிடுகிற வேலை.

காற்று என்ற சொல்லை முன்னால் நட்டு
ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம் போட்டாள்.
எதுவானாலும், எவ்வளவானாலும் என்று பொருள்.
அது வரியின் கடைசிவரை தின்றுவிட்டு
போனால் போகிறதென்று
ஒற்றை இலக்கத்தைத் துப்பியது.

*காற்று 46, அலை 3, சமையல்காரருக்குப் பல்வலி, மாத்திரை 2.*

அன்றைக்குக் காற்றின் வேகம்
இரண்டாம்.

ஒரு கேள்விக்குறி சேர்த்தாள்,
நட்சத்திரத்தின் காலடியில்.
அவ்வளவுதான், பசி அடங்கிவிட்டது.
முதல் எண்ணைத் தொட்டதுமே
கை கழுவி எழுந்துகொண்டது.
நாற்பத்தாறு. இருபத்தொன்பது. ஐம்பத்து மூன்று.
பல்வலிகள் வெளியே நின்றன,
அடைப்புக்குறிக்கு அந்தப் பக்கம்.

பதினோராயிரத்துச் சொச்சம் வரிகளில்
பொருந்தாதவை ஒன்பது.
எட்டில், சுழியத்துக்குப் பதில் ஓ என்ற எழுத்து,
எண்ணை எழுத்தால் எழுதியவன் சோம்பல்,
காப்பிக் கறை.
திருத்திவிட்டாள்.

ஒன்பதாவது, ஓனோஃப்ரே பாரியாவின் கையெழுத்து:

*காற்று: காற்றுமானி பறந்துபோயிற்று.
கதவு திறக்க முடியவில்லை.
திறந்ததும் தேடப் போகிறோம்.*

இலக்கமே இல்லை.
எந்தக் குறியைப் போட்டு என்ன பிடிக்க?

சாந்தியாகோவில் காற்றாலைக் கோபுரம் வரைகிறவர்கள்
கேட்டது ஒன்றே ஒன்று: அதிகபட்சம் எவ்வளவு?
அட்டவணை சொல்கிறது எண்பத்தொன்று.
அந்த நாளின் கட்டம் மட்டும்
வெள்ளையாக, ஒன்றுமே நடக்காததுபோல்.

சுழியம் போடலாம். பொய்.
வரியை நீக்கலாம். அதுவும்.

எண்பத்தொன்று என்று எழுதி,
கீழே ஓனோஃப்ரேயின் வரியை
முள்ளும் சதையுமாக
முழுசாக ஒட்டி அனுப்பினாள்.

காலையில் பதில் வந்திருந்தது:
சரி, அந்த எண் எங்கே?

சன்னலை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்,
கொக்கி மாட்டியிருக்கிறதா என்று.
பிறகு தட்டினாள்:

தேடப் போயிருக்கிறார்கள்.